இரவல் தாகம்

குடிகாரன் எவனும் தனியாகக் குடிப்பதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஒற்றை ஆளாகக் குடித்தாலும் அவனுக்குப் பின்னால் நாலு பேர் நிற்பார்கள். இதைச் சொல்ல ஆராய்ச்சிக்கூடம் எதற்கு, எந்தக் குடிகாரனின் பெண்டாட்டியைக் கேட்டாலும் சொல்லிவிடுவாளே என்றால், நியாயம்தான். மேகலா இரண்டு பக்கமும் இருந்தவள். திருச்சிக்கு வெளியே, மாத்தூர் தாண்டி இருந்த ஒரு தனியார் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளராக இருந்தாள்; துவாக்குடியில் கொதிகலன் உதிரிபாகம் செய்யும் பட்டறையில் வெல்டராக இருந்த குணாளனுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். பகலில் எலிகள் குடிப்பதை அளந்தாள். சாயங்காலம் அளவில்லாமல் குடித்துவிட்டு வந்தவனைக் கைத்தாங்கலாக வீட்டுக்குள் கூட்டிவந்தாள்.

அவை சாதாரண எலிகள் அல்ல. புல்வெளியில் வாழும் ஓர் அயல்நாட்டு இனம். ஒருமுறை ஜோடி சேர்ந்தால் சாகும்வரை பிரியாதவை. ஆனால் குடி விஷயத்தில் மனிதர்களுக்குச் சளைத்தவை அல்ல. ஒரு புட்டியில் தண்ணீரும் இன்னொன்றில் ஆல்கஹால் கலந்த நீரும் வைத்தால், இரண்டாவதுக்குத்தான் முதலில் ஓடும். நடுவில் கம்பி வலை வைத்த கூண்டில் ஜோடியை ஆளுக்கு ஒரு பக்கம் விடுவார்கள். பார்த்துக்கொள்ளலாம், மோந்துகொள்ளலாம், புட்டிகள் மட்டும் தனித்தனி. மொடாக்குடியனுக்குப் பக்கத்தில் அளவாகக் குடிக்கும் துணையை விட்டால் அவன் கொஞ்சம் குறைப்பான். அவளும் கொஞ்சம் கூட்டுவாள் என்பதுதான் தொல்லை. சேர்க்கை என்பது இரண்டு பக்கமும் அறுக்கும் ரம்பம்.

அந்தத் தொல்லையை டாக்டர் வேதநாயகம் ஒழித்தார். அவர்தான் கூடத்தின் தலைவர். மூக்கில் அடிக்கும் ஒரு மருந்தைச் செய்தார். குடிக்கிற எலிக்கு அதைக் கொடுத்தால், அது துணையைப் பார்த்து ஒழுங்காகும். துணை அதைப் பார்த்துக் கெடாது. அடுத்த மாதம் மனிதர்களிடம் சோதனை தொடங்குவதாக இருந்தது. குடிக்கிற கணவன்மார்களைத் தேர்ந்தெடுத்து, மனைவிமார்களைத் துணையாக வைத்து.

அடுத்த மாதம் வரை பொறுக்க மேகலாவால் முடியவில்லை. குணாளனின் ஈரலை ஸ்கேன் எடுத்த டாக்டர், இப்படியே போனால் இன்னொரு பொங்கல் பார்க்க மாட்டார் என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை, அவன் தெளிவாக இருந்த நேரமாகப் பார்த்து, மருந்தைப் பற்றிச் சொன்னாள்.

"ஒரு தடவை துணை குடிக்கறதைப் பாத்தாப் போதும். அப்புறம் தனியா விட்டாலும், துணை எவ்வளவு குடிச்சுதோ அதே அளவுதான் மருந்து வாங்கின எலியும் மறுநாள் வரைக்கும் குடிக்கும்."

"துணை சுத்தமா தொடலைன்னா?"

"இதுவும் தொடாது."

"நீ தொடமாட்டல்ல?"

"நாக்குல கூட வெச்சதில்ல."

"அப்புறம் என்ன யோசனை? கொண்டாந்து மூக்குல அடி."

"மனுசங்களுக்கு இன்னும் குடுக்கலைங்க. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா?"

"ஆகாம இருந்தா மட்டும் என்னவாம்? அந்த டாக்டர் படத்தைக் காட்டி ஈரல்னு சொன்னாரு. எனக்குத் தீஞ்ச தோசை மாதிரி தெரிஞ்சுது. நானா விடணும்னு எத்தனை தடவை பாத்துட்டேன் மேகலா. முடியல. எலிக்கு வர்ற அதிர்ஷ்டம் எனக்கு வரக்கூடாதா?"

மருந்தைத் திருடினாள். அதற்காக வெட்கப்பட்டாளா என்றால், இல்லை. இரண்டு வாரத்தில் குணாளன் குடியை விட்டான். சிகரெட்டைக் கீழே போட்டு மிதிப்பதுபோல அவ்வளவு லேசாக விட்டான். கை நடுங்கவில்லை, எரிந்து விழவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவள் காப்பி குடிக்கும்போது கூடவே உட்கார்ந்து காப்பி குடித்தான். காலையில் அவள் செம்பைத் தூக்கினால் அவனும் வந்து கை நீட்டினான். அதையெல்லாம் அன்பு என்று எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொள்ளாமல் வேறென்ன செய்வாள்? பக்கத்து வீட்டுக்காரி, "கொடுத்து வெச்சவ நீ, புதுசா கல்யாணம் ஆனவங்க மாதிரி இருக்கீங்க" என்று கண் போடும் அளவுக்கு இருந்தது.

மாசிக் கடைசியில் தொடங்கி இருபத்தெட்டு நாள் சமயபுரம் மாரியம்மன், சமைத்த நைவேத்தியம் இல்லாமல், பக்தர்களுக்காகத் தானே பச்சைப் பட்டினி கிடப்பாள். அந்தப் பட்டினி முடியும் நாளில் முந்தின சாயங்காலத்திலிருந்தே பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருந்து, நடந்தே கோவிலுக்கு வருவதாக மேகலா வேண்டிக்கொண்டிருந்தாள். விஞ்ஞானம் படித்தவள் வேண்டுதல் வைக்கலாமா என்று கேட்காதீர்கள். மருந்து திருடியவளுக்குச் சாமியின் துணை இன்னும் அதிகமாகத் தேவை.

கோவில் வரிசையில் நிற்கும்போது போன் வந்தது. பேசியது ஆரோக்கியசாமி. குணாளனோடு அதே பட்டறையில் வேலை பார்ப்பவர். இத்தனை வருடமும் அவனோடு சரிக்குச் சரி உட்கார்ந்து குடித்தவர். ஊரே அவரை ஆரோக்கியம் என்றுதான் கூப்பிடும். பெயர் வைத்தவர்களைச் சொல்லவேண்டும். மேகலா ஒருமுறை நடுத்தெருவில் வைத்து, குடும்பத்தைக் கெடுக்க வந்த சனியன் என்று அவரை ஏசியிருந்தாள்.

"தங்கச்சி, பயப்படாதே..." என்றார்.

பயப்படாதே என்று ஆரம்பிக்கும் எந்தப் பேச்சும் பயமுறுத்தத்தான் வருகிறது. குணாளன் வெல்டிங் செய்துகொண்டிருந்த இடத்திலேயே சுருண்டு விழுந்துவிட்டான். மேகலா வரிசையை விட்டு வெளியே வந்து ஆட்டோ பிடித்தாள்.

ஆஸ்பத்திரியில் அவனுக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. உதடு வெடித்திருந்தது. பணியில் இருந்த இளம் டாக்டருக்குக் கோபம்.

"இந்த வெயில்ல நெருப்புகிட்ட நின்னு வேலை பாக்கறவரு, நேத்து சாயங்காலத்துலேருந்து ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கலையாமே? கிட்னி அடி வாங்கியிருக்கு. இந்தத் தடவை தப்பிச்சிட்டாரு. இன்னொரு தடவைன்னா எங்களால ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

"நான் பாட்டிலை வாய்ல வெச்சே ஊத்திப் பாத்தேன் தங்கச்சி," என்றார் ஆரோக்கியம். "ஓங்கரிச்சு அப்படியே துப்பிட்டான்."

அவர்கள் போனபிறகு குணாளன் கண்ணைத் திறந்தான். "தாகமே எடுக்கல மேகலா. குடிக்கணும்னு தெரியுது. உள்ளே இறங்க மாட்டேங்குது."

நேற்று சாயங்காலத்திலிருந்து. மேகலாவும் அப்போதிலிருந்துதான் தண்ணீர் தொடவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். அம்மனிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அவன் பார்க்க ஒரு வாய் குடித்தாள். குணாளனின் தொண்டை ஏறி இறங்கியது. ஊசி குத்தியிருந்த கை அவளை நோக்கி நீண்டது.

"எனக்கு," என்றான்.

கொடுத்தாள். மடக் மடக்கென்று குடித்தான். அவள் பாட்டிலை வாங்கிக்கொண்டு சும்மா நின்றாள். அவனும் சும்மா கிடந்தான், வெடித்த உதட்டோடு. இன்னொரு வாய் குடித்தாள். உடனே அவன் கை நீண்டது. மேகலா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அவனுடைய குடியை நிறுத்தவில்லை. அவனுடைய தாகத்தையே பிடுங்கித் தன் தொண்டையில் வைத்துக்கொண்டுவிட்டாள்.

ஆராய்ச்சிக்கூடத்தில் இது எப்படி ஒருவர் கண்ணிலும் படவில்லை? மேகலா அன்றே யோசித்துக் கண்டுபிடித்தாள். ஜோடியாக வந்தவற்றை ஜோடியாகவே முடிப்பது அங்கே வழக்கம். சோதனை முடிந்ததும் ஒரே நாளில் இரண்டையும் கொன்று, இரண்டின் மூளையையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒன்றை மட்டும் விட்டுவைப்பது பாவம் என்றும் ஒரு பேச்சு உண்டு. தனியாக விட்டுப் பார்த்ததெல்லாம் மறுநாள் வரைதான். அந்த இரக்கத்தினால், அதற்குமேல் துணை இல்லாத எலி என்ன ஆகும் என்பதை யாருமே பார்த்ததில்லை.

மறுநாள் ஒரு கூண்டிலிருந்து துணை எலியை மட்டும் எடுத்து வேறு அறைக்கு மாற்றினாள். மருந்து வாங்கிய எலி ஒரு நாள் வழக்கம்போலக் குடித்தது. அதற்கப்புறம் வலைக்கம்பியில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு, காலியான பக்கத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. அதன் தலைக்கு மேலேயே தண்ணீர்ப் புட்டி தொங்கியது. அது எழுந்திருக்கவே இல்லை. செத்தபோதும் மூக்கு அதே இடத்தில் இருந்தது, புட்டி நிரம்பியிருந்தது.

டாக்டர் வேதநாயகம் அந்தக் கூண்டின் முன்னால் நெடுநேரம் நின்றார். கெட்டவர் அல்ல. அவருடைய தம்பியே குடித்துச் செத்தவர்.

"தண்ணிப் புட்டியையும்தானே எடை போட்டோம்?" என்றார்.

"போட்டோம் சார். ரெண்டும் ஒரே அளவு குடிச்சுதுன்னு பாத்து சந்தோஷப்பட்டோம். ஒண்ணு குடிச்சதாலதான் இன்னொண்ணு குடிச்சுதுன்னு தோணல."

அவர் கூண்டை விட்டுத் திரும்பினார். "சரி, இப்படிப் பாருங்களேன். சோதனைக்கு வர்ற வீட்டம்மாக்கள் ஒழுங்கா வேளாவேளைக்குத் தண்ணி குடிச்சிட்டா பிரச்சினை இல்லைதானே? விரதம் இருக்காதீங்க, வெளியூர் போனா கூட்டிட்டுப் போங்கன்னு முதல்லயே சொல்லிடலாம். புருஷன் குடியை விடறான்னா இது கூடச் செய்யமாட்டாங்களா?"

"செத்துப்போனா சார்?"

"யாரு?"

"வீட்டம்மா."

அவர் மறுபடி செத்த எலியின் பக்கம் திரும்பிக்கொண்டார். மேகலாவுக்கு ஆத்திரமாக வந்தது. குடிக்கிறவனைக் கட்டிக்கொண்டவள் ஏற்கெனவே அவன் சோற்றை, அவன் வேலையை, அவன் மானத்தைச் சுமக்கிறாள். இனி அவன் தாகத்தையும் அவளே படவேண்டுமா? மருந்தைத் திருடியதையும் வீட்டில் நடப்பதையும் அங்கேயே போட்டு உடைத்தாள். வேதநாயகத்தின் முகம் வெளிறிப்போனது. சோதனையைத் தள்ளிவைத்தார். மாற்று வழி கிடைக்கும்வரை அவள் அங்கே வந்து போகலாம் என்றார். அதற்கப்புறம் வரவேண்டாம் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

அதிலிருந்து மேகலா பயத்தோடு எழுந்து பயத்தோடு படுத்தாள். சாலையைக் கடக்கும்போது லாரி வந்தால், தான் அடிபடுவோமே என்று நினைக்கவில்லை. அவன் தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடப்பதைத்தான் நினைத்தாள். வேண்டாத வயிற்றில் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் குடித்தாள். குணாளன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு குடித்தான். இதற்கு நடுவில் அவளுக்கே ஓர் ஆபரேஷன் காத்திருந்தது. கர்ப்பப்பைக் கட்டி, ரத்தப்போக்கு நிற்கவில்லை, இனித் தள்ளிப்போட முடியாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். முந்தின நாளும் பிந்தின நாளும் வாயில் எதுவும் படக்கூடாது. அவள் பிழைத்துவிடுவாள். அவனுக்குக் குளுக்கோஸ் ஏற்றினாலும், அடிபட்ட கிட்னி இன்னொரு வறட்சியைத் தாங்குமா என்பதற்கு யாரும் பொறுப்பேற்கவில்லை.

கூண்டுகளில் எதையெதையோ செய்து பார்த்தாள். புதுத் துணையை விட்டால் எலி அதைச் சட்டை செய்யவில்லை. மருந்தை நிறுத்தினாலும் மாறவில்லை. கடைசியில், ஒருநாளும் ஆல்கஹாலைத் தொடாத துணை எலிக்கு ஆல்கஹால் புட்டியை மட்டும் வைத்துப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் அது குடித்தது. அதைப் பார்த்து மருந்து வாங்கிய எலியும் குடித்தது. இரண்டும் தள்ளாடித் தூங்கின. மறுநாள் துணையை அப்புறப்படுத்தினாள். மருந்து வாங்கிய எலி எழுந்தது, தானாகப் போய், தண்ணீர்ப் புட்டியில் வாய் வைத்தது.

மேகலா கத்திய கத்தலில் வேதநாயகம் ஓடிவந்தார். அவர் சொல்லித்தான் நடுவலையை எடுத்துவிட்டுத் துணையைத் திரும்ப உள்ளே விட்டாள். அது ஆசையாக ஓடிவந்து மூக்கால் முட்டியது. மற்றது நகர்ந்து போய் வேறு மூலையில் சுருண்டுகொண்டது. துணை மறுபடி வந்தது. அது மறுபடி நகர்ந்தது.

"எனக்குச் சந்தேகம் இருந்தது," என்றார் வேதநாயகம். "இந்த இனத்துல ஆணுக்குக் குடி ஏறினா ஜோடிப் பாசம் தளரும். நம்ம மருந்து அந்தப் பாசத்தைத்தான் கயிறா முறுக்கி வெச்சிருக்கு. முறுக்கின கயிறு அறுந்தா, பழையபடி தளரமாட்டேங்குது. மொத்தமா அறுந்துடுது."

"திரும்ப வராதா சார்?"

"எலிக்கு வரல. மனுசனுக்கு என்ன ஆகும்னு யாரும்மா பாத்திருக்கா?"

எவ்வளவு குடித்திருந்தாலும் குணாளன் தெருமுனையிலிருந்தே "மேகலா, மேகலா" என்று கூப்பிட்டுக்கொண்டுதான் வருவான். அது அவளுக்கு எத்தனையோ நாள் மானக்கேடாக இருந்தது. அன்று அதை நினைத்து அழுதாள்.

பட்டறைக்கு எதிரில் இருந்த டீக்கடையில் ஆரோக்கியத்தைப் பிடித்தாள். "அண்ணே, ஒரு குவார்ட்டர் பிராந்தி வாங்கித் தரணும்," என்றாள்.

அவர் கையிலிருந்த கிளாஸிலிருந்து டீ சிந்தியது. "என்ன தங்கச்சி, என்னைச் சோதிச்சுப் பாக்கறியா?"

"இல்லண்ணே. ஒரே ஒரு தடவை, வைத்தியத்துக்கு."

"நான் விட்டுட்டேன் தங்கச்சி. உனக்குத் தெரியாதா? குணா வராம நின்னதும் எனக்கு எதிர்ல உக்கார ஆள் இல்ல. தனியா உக்காந்து பாத்தேன். சுவத்தைப் பாத்துக் குடிக்க எனக்கு வரல. அப்படியே விட்டுப்போச்சு." அவர் கும்பிட்டார். "அந்தக் கடை வாசலை மிதிச்சா நான் திரும்ப வரமாட்டேன். வேற என்ன வேணா கேளு."

மேகலா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூக்கில் எதுவும் அடிக்காமல், கூட்டாளி இல்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு மனிதன் குடியை விட்டிருக்கிறான். இவரைத்தான் சனியன் என்றாள். "வேண்டாம்ண்ணே, நீங்க வராதீங்க," என்று சொல்லிவிட்டு அவளே போனாள். கடை வரிசையில் நின்ற ஆண்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தி வழிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், ஜன்னலைச் சாத்திவிட்டு, இரண்டு டம்ளரை வைத்து எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். என்ன செய்யப்போகிறோம் என்று குணாளனிடம் சொல்லியிருந்தாள். முழுதும் சொல்லவில்லை. அவன் பாட்டிலைப் பார்த்த பார்வையில் ஆசையே இல்லை. பயம்தான் இருந்தது.

"நான் பழையபடி ஆயிடுவேனா மேகலா?"

"தெரியலைங்க. ஆகாமப் பாத்துப்போம்."

"அந்த எலிக்குத் தாகம் வந்துச்சுன்னு சொன்ன. அப்புறம் என்ன ஆச்சு அதுக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. சாப்பிடுது, ஓடுது."

"அதில்ல. அதோட துணைகிட்டப் போச்சா?"

வெல்டரின் கேள்வி. ஒட்டியது நிற்குமா என்றுதான் அவனுக்குத் தெரியவேண்டும். மேகலா டம்ளரைக் கையில் எடுத்தாள், அவன் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக.

"போச்சுங்க," என்றாள்.

"அப்ப ஊத்து," என்று சிரித்தான்.

அவள்தான் முதலில் குடிக்கவேண்டியிருந்தது. தொண்டை எரிந்தது, கண்ணில் நீர் முட்டியது. அவன் கை டம்ளருக்குப் போனது. அவள் ஒரு வாய், அவன் ஒரு வாய். பாதியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "உனக்குக் குடிக்கவே தெரியல," என்று கேலி செய்தான். இரண்டாவது டம்ளரில், கல்யாணமான புதிதில் மலைக்கோட்டைப் படியில் அவள் செருப்பு அறுந்த கதையைச் சொன்னான். அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு எப்படி நடந்தாள் என்று நடித்துக் காட்டினான். மேகலா சிரித்தாள். ஒவ்வொரு வாயாக, தன் கையாலேயே அவனைத் தன்னிடமிருந்து அனுப்பிக்கொண்டிருந்தாள். அவன் அவள் கையைப் பிடித்தபடியே தூங்கிப்போனான். அவளும் எப்போது தூங்கினாள் என்று தெரியாது.

விடிந்தபோது தலை பாறையாகக் கனத்தது. கை காலியாக இருந்தது. சமையலறையில் செம்பு மோதும் சத்தம் கேட்டது. தடுமாறி எழுந்து போய்ப் பார்த்தாள்.

குணாளன் பானையிலிருந்து மொண்டு மொண்டு குடித்துக்கொண்டிருந்தான். தண்ணீர் கழுத்தில் வழிந்து சட்டையை நனைத்தது. அவள் எழுந்ததிலிருந்து வாயில் ஒரு சொட்டுப் படவில்லை. அவன் குடிக்கிறான். அவனுடைய தாகம், அவனுடைய தண்ணீர். "மாரியாத்தா," என்று சொல்லிக்கொண்டு மேகலா நிலைப்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

அவன் திரும்பினான். பேருந்து நிலையத்தில் யாரோ ஒரு பெண் அழுவதைப் பார்ப்பவன்போல, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றான்.

"என்னாச்சு?" என்றான். மரியாதையான குரல்தான்.

"ஒண்ணுமில்லைங்க."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். சட்டையை மாற்றினான், தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டான், நிலைப்படியில் உட்கார்ந்திருந்தவள்மேல் படாமல் ஒதுங்கி வெளியே வந்து செருப்பை மாட்டினான். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. போய்ட்டு வரேன் என்று அவன் சொல்லவில்லை.